சமணர் மலை: மதுரையின் மேற்கு விளிம்பில் ஒரு குன்றும் அதன் ஏறுபாதையும்

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் நாகமலை புதுக்கோட்டை வரும். அதன் அருகே தெற்கே பிரியும் சிறு சாலை கீழக்குயில்குடிக்குச் செல்கிறது. ஊரின் தலைமாட்டில் மரம் அதிகமில்லாத வெறும் பாறைக் குன்று ஒன்று கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. அதுதான் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், விழுதுகளே தூண்களாகிப் பரந்து நிற்கும் ஆலமரம், சுதைக் குதிரைகளோடு ஐயனார் கோயில். விடுமுறை நாளின் விடிகாலையில் நகரத்துக் குடும்பங்கள், கல்லூரி மாணவர்கள், உடற்பயிற்சிக்காக ஏறுபவர்கள், கல்வெட்டைப் படம் பிடிக்க வருபவர்கள் எனப் பலதரப்பட்டவர்களை இங்கே பார்க்கலாம். ஏறி இறங்க இரண்டு மணி நேரம் போதும். ஆனால் அந்த இரண்டு மணி நேரப் பாதையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக் கால மனித நடமாட்டம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கிறது. இவ்வளவு சிறிய குன்றில் இவ்வளவு செய்தி சேர்ந்ததற்கும், இன்று இந்தக் குன்று எதிர்கொள்ளும் நெருக்கடிகளுக்கும் அடிப்படை ஒன்றே: நகரத்திலிருந்து இது இருக்கும் தொலைவு.

பாதை ஐயனார் கோயிலை ஒட்டித் தொடங்குகிறது. பாறையிலேயே வெட்டிய படிகளும், பிற்காலத்தில் தொல்லியல் துறை அமைத்த கைப்பிடிக் கம்பிகளும் முதல் கட்டத்தை எளிதாக்குகின்றன. அதற்கு மேல் படி என்று சொல்ல ஒன்றுமில்லை. சரிவான பாறைமேல் கால் பதியும் இடம் பார்த்துத்தான் நடக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் பிறகு வெறுங்காலை வைக்க முடியாதபடி பாறை சூடேறிவிடும் என்பதால் உள்ளூர்க்காரர்கள் விடிவதற்கு முன்பே ஏறத் தொடங்குகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பின்வரும் மார்கழி, தை மாதங்களே இதற்கு உகந்தவை. அப்போது பாறைக் குழிகளில் நீர் தேங்கியிருக்கும், கீழே வயல்கள் பச்சையாக இருக்கும், மயில்கள் அகவும் ஓசை மலையின் மறுபுறத்திலிருந்தும் கேட்கும். கோடையில் வருபவர்களுக்கு இவற்றில் பாதிகூடக் கிடைக்காது.

பாதி மலையில் பேச்சிப்பள்ளம் என்னும் சமதளம் இருக்கிறது. அங்கே ஒரு சுனை. அதன் பக்கத்தில் உள்ள பாறை முகப்பில், சமணர் வணங்கும் பெருங்குரவர்களான தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. முக்குடையின் கீழ் அமர்ந்த மகாவீரர், ஐந்தலை நாகம் படம் விரித்து நிழல் செய்யும் பார்சுவநாதர், தவத்தில் நின்ற உடலைக் கொடிகள் சுற்றிப் படர்ந்திருக்க இருபுறமும் சகோதரியர் நிற்கும் சமணத் துறவி பாகுபலி ஆகியோரை இவ்வரிசையில் அடையாளம் காணலாம். பெரும்பாலானவர்கள் சிற்பங்களைப் பார்த்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். சற்றே குனிந்து சிற்பங்களின் அடியில் பார்த்தால் பழைய தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்தில் பொறித்த வரிகள் தெரியும். அவற்றில் ஒன்று, ‘ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி’ என்கிறது. அச்சணந்தி, ஒன்பது பத்தாம் நூற்றாண்டுகளில் பாண்டிய நாட்டு மலைகள்தோறும் தீர்த்தங்கரர் உருவங்களைச் செய்வித்த துறவி. யானைமலை, கொங்கர் புளியங்குளம், உத்தமபாளையம் எனப் பல இடங்களில் அவர் பெயர் கல்லில் இருக்கிறது. எல்லாவற்றையும் துறந்து சென்ற ஒருவருடைய தாய், மகனின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்து இந்த மலையில் ஒரு திருமேனியைச் செய்வித்திருக்கிறார். துறவு மரபைப் பற்றிய ஏடுகளில் இவ்வாறான உறவுச் செய்தி அரிதாகவே அகப்படும். கல்வெட்டு அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

பக்கத்தில் உள்ள வேறு வரிகள் ‘இப்பள்ளி உடைய குணசேன தேவர்’ என்பவரையும் அவருடைய மாணாக்கர்களையும் குறிக்கின்றன. ஆகவே இந்தச் சமதளம் நாலைந்து துறவியர் தங்கிச்சென்ற வெறும் ஒதுக்கிடமாக இருக்கவில்லை. தலைவரும் மாணாக்கர் வரிசையும் கொண்ட ஒரு பள்ளி, அதாவது சமணத் துறவியர் மடம், இங்கே இயங்கியிருக்கிறது. பேச்சிப்பள்ளத்துக்கு மேலே ஏறினால் அதன் கட்டட எச்சமும் தென்படும். கற்கோயில் ஒன்றின் அடித்தளம் மட்டும் பாறைமேல் எஞ்சியிருக்கிறது. கல்வெட்டு அதை மாதேவிப் பெரும்பள்ளி என அழைக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் பராந்தக வீரநாராயணனின் தேவி பெயரால் அமைந்தது அது என்பது ஆய்வாளர் கருத்து. மலைக்கே ‘பராந்தக பர்வதம்’ என்ற பெயரும் அக்காலத்தில் வழங்கியிருக்கிறது.

இன்னும் மேலே, உச்சியில் ஒரு விளக்குத் தூண் நிற்கிறது. அதன் அருகே பாறையில் பிற்காலத்துக் கன்னட எழுத்துக் கல்வெட்டும் உண்டு. கன்னட நாட்டுச் சமணத் துறவியர் இம்மலையோடு தொடர்பு வைத்திருந்ததற்கு அது சான்று. அங்கிருந்து நாற்புறமும் பார்க்கலாம். வடக்கே நாகமலை நீண்ட வரப்புப்போல் அடிவானம்வரை ஓடுகிறது. மேற்கே காமராசர் பல்கலைக்கழகக் கட்டடங்கள், தென்கிழக்கே திருப்பரங்குன்றம், பசுமலை. வானம் தெளிவாக இருந்தால் நகரத்துக்கு அப்பால் படுத்திருக்கும் யானைமலையும், நடுவே மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களும் புலப்படும்.

இந்தக் காட்சியைப் பார்க்கும்போது திருவிளையாடற் கதைகளை நினைக்காமல் இருக்க முடியாது. சமணர்கள் மந்திர வலியால் யானை, நாகம், பசு ஆகியவற்றை மதுரைமேல் ஏவினார்கள் என்றும், சொக்கநாதர் அருளால் அவை அழிந்து யானைமலை, நாகமலை, பசுமலை ஆயின என்றும் அக்கதைகள் சொல்கின்றன. நகரைச் சூழ்ந்த குன்றுகளெல்லாம் சமணர் இருக்கைகளாக விளங்கிய ஒரு காலத்தின் நினைவைத்தான் பிற்காலச் சைவ மரபு இவ்வாறு பகைக் கதையாக மாற்றிப் பாதுகாத்து வைத்திருக்கிறது என்று படிப்பது தவறாகாது. சமணர் உறைந்த மதுரைப் பகுதிக் குன்றுகள் எட்டின் பெயரை அடுக்கிச் சொல்லி, அவற்றைப் போற்றுவோர்க்குப் பிறவித் துன்பம் இல்லை என்னும் பழைய வெண்பா ஒன்றும் வழக்கில் இருந்தது. ஒரே நிலக்காட்சியை ஒரு மரபு பகைவர் பாசறையாகவும் மற்றொரு மரபு பிறவி தீர்க்கும் தலங்களாகவும் கண்டிருக்கிறது.

இங்கே காலவரிசை குறித்த ஒரு கேள்வி எழுகிறது. ஞானசம்பந்தர் மதுரைக்கு வந்து பாண்டியனைச் சைவத்துக்குத் திருப்பியதும், வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறியதுமாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதோடு பாண்டிய நாட்டில் சமணம் அற்றுப்போயிற்று என்பதே பலருடைய மனத்தில் பதிந்துள்ள சித்திரம். ஆனால் சமணர் மலையின் சிற்பங்களும் வட்டெழுத்துகளும் அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்தவை. அதுவும் பாண்டிய அரசியின் பெயர் தாங்கிய பெரும்பள்ளியோடு, தலைநகரிலிருந்து அரை நாள் நடைக்குள் அமைந்தவை. கழுவேற்றக் கதையின் உண்மை குறித்து அறிஞரிடையே நெடுநாளாக வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதன் தீர்ப்பு எதுவாயினும், ஒன்பதாம் நூற்றாண்டில் மதுரைக்கு அருகில் சமணப் பள்ளிகள் வெளிப்படையாகவும் அரச ஆதரவோடும் இயங்கின என்பதை இந்தப் பாறை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது. என் பார்வையில், இம்மலையின் வரலாற்று மதிப்பில் பெரும்பங்கு இந்த ஒரு திருத்தத்துக்கு உரியது.

மலையின் தென்மேற்குப் பக்கத்தில், வேறொரு பாதையில் சென்று காண வேண்டிய இடம் செட்டிப்பொடவு. பொடவு என்பது இப்பகுதி வழக்கில் குகை. வாயிலருகே மிகப் பெரிய தீர்த்தங்கரர் உருவம் அமர்ந்த நிலையில் உள்ளது. நீண்ட காதுகளைக் கண்ட ஊரார் அவரைச் செட்டியார் என்றார்கள். குகையின் உள்ளே நுழைந்து தலையை அண்ணாந்தால், வளைந்த கூரையை ஒட்டி ஐந்து சிற்பங்கள். நடுவில் மூவர் தீர்த்தங்கரர். ஒரு முனையில் அமைதியாக அமர்ந்த இயக்கி, அதாவது தீர்த்தங்கரரின் காவல் பெண்தெய்வம். மறுமுனையில், சிங்கத்தின் மேலிருந்து வில்லேந்தி, யானைமேல் வரும் வீரனை எதிர்த்துப் போரிடும் இயக்கி. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமயத்தின் குகையில் போர்க்களக் காட்சி ஒன்று இவ்வளவு விறுவிறுப்பாக வடிக்கப்பட்டிருப்பது பார்ப்பவரைச் சற்று நிறுத்திவைக்கும். கொற்றவை வழிபாட்டில் ஊறியிருந்த மக்களிடையே வாழ்ந்த சமணம் தன் இயக்கியரை அம்மக்களுக்குப் பழகிய தோற்றத்தில் அமைத்துக்கொண்டது என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

செட்டிப்பொடவில் உள்ள கல்வெட்டு ஒன்று வேறொரு வகையில் முக்கியமானது. வெண்பு நாட்டுக் குறண்டியைச் சேர்ந்த அட்டோபவாசி படாரர், அவர் மாணாக்கர் குணசேன தேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என மூன்று தலைமுறை ஆசிரியர் வரிசையைச் சொல்லிவிட்டு, ‘அமிர்தபராக்கிரம நல்லூராயின குயிற்குடி ஊரார் பேரால்’ இத்திருமேனி செய்விக்கப்பட்டது என்கிறது. குறண்டி இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்த திருக்காட்டாம்பள்ளியின் துறவியர் பெயர்கள் கழுகுமலை வரைக்கும் கிடைக்கின்றன. குயிற்குடியோ மலையடிவாரத்து இன்றைய கீழக்குயில்குடியேதான். அரசன் சூட்டிய நெடிய பெயர் மறைந்துபோக, ஊர் தன் பழம்பெயரோடு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதே இடத்தில் இருக்கிறது. மலையில் இருந்தவர்கள் தொலைவிலுள்ள பெரிய கல்வி நிலையத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களை ஆதரித்தவர்கள் கீழே இருந்த குடியானவர்கள். இந்த இருவகைத் தொடர்பும் இல்லாமல் பள்ளி நடந்திருக்காது.

இதற்கும் பழைய அடுக்கு ஒன்று இருக்கிறது. 2012ஆம் ஆண்டில் இம்மலையில், தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவான தமிழ் பிராமியில் அமைந்த கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. பெருந்தேரூர் என்ற ஊரைக் குறிப்பிடும் அது ஏறத்தாழ 2,200 ஆண்டுப் பழமையானது எனக் கணிக்கப்பட்டது. சமணர் மலைத் தொடரின் மறுகோடியில், முத்துப்பட்டியை அடுத்த பெருமாள் மலைக் குகைத்தளத்தில், பாறையில் வெட்டி வழவழப்பாக்கிய கற்படுக்கைகள் பல உள்ளன. அங்குள்ள தமிழ் பிராமி எழுத்துகள் ‘நாகபேரூர்’ என்ற ஊரையும் ‘முசிறி கோடன் எளமகன்’ என்ற பெயரையும் தருகின்றன. முசிறி சேரநாட்டுத் துறைமுகம், யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட இடம். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒருவர் மதுரையின் மேற்கு விளிம்பில் துறவியருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

அவர் எப்படி இங்கே வந்தார் என்பதற்கு விடை மலையின் காலடியிலேயே இருக்கிறது. மதுரையிலிருந்து வையை ஆற்றின் போக்கை எதிர்த்து மேற்கே சென்று, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக மலையைக் கடந்து சேரநாட்டுக் கடற்கரையை அடையும் பழைய பெருவழி, ஏறத்தாழ இன்றைய தேனிச் சாலை போகும் திசையிலேயே போனது. முத்துப்பட்டி, சமணர் மலை, கொங்கர் புளியங்குளம், நாகமலைக்கு வடக்கே விக்கிரமங்கலம், அப்பால் உத்தமபாளையம் எனச் சமணத் தடயங்கள் அந்த வழியின் இருமருங்கிலும் கிடைப்பது தற்செயலாக இருக்க முடியாது.

சமணத் துறவியரின் ஒழுக்க விதிகளும் இத்தகைய இடத்தையே நாடச் செய்தன. அவர்கள் இல்லறத்தார் வீடுகளில் நிலையாகத் தங்கலாகாது. உணவுக்கோ இல்லறத்தாரையே சார்ந்திருக்க வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி ஊர் ஊராக நடப்பவர்கள், மழைக்காலத்தின் நான்கு மாதங்கள், முளைவிடும் பயிரையும் பெருகும் சிற்றுயிர்களையும் மிதித்துவிடாதபடி ஓரிடத்தில் தங்கியாக வேண்டும். ஆகவே ஊருக்குள் இல்லாமல், ஊருக்குப் போய்வரும் தொலைவில், மழை படாத இயற்கைக் குகையும் வற்றாத சுனையும் உள்ள குன்று தேவைப்பட்டது. பாண்டிய நாட்டுக் குகைத்தளங்களின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாமல் பக்கவாட்டில் ஓடும்படி காடி வெட்டியிருப்பது இந்த மழைக்காலத் தங்கலுக்காகத்தான். படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களுள் வணிகர்கள் கணிசமாக இருப்பதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை. வணிகச் சாத்துகள் போகும் வழியிலேயே துறவியர் இருந்தார்கள்.

பள்ளி எப்போது வெறுமையாயிற்று என்பதைக் கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை. வணங்குவோர் மாறினார்கள், வணக்கம் நிற்கவில்லை. சுனையோரத்துச் சமதளம் நாட்டார் தெய்வமான பேச்சியின் பெயரைப் பெற்றது. அடிவாரத்தில் ஐயனாரும் கருப்பும் காவல் நின்றார்கள். சிற்பங்களை யாருடையவை என்று ஊரார் துல்லியமாக அறிந்திருக்கவில்லை. சாமி என்று மட்டும் அறிந்திருந்தார்கள். பாண்டிய நாட்டில் எத்தனையோ குன்றுகள் சல்லிக்கற்களாகிப் போயிருக்க, இந்தச் சிற்ப வரிசை பெரும்பாலும் மூக்கு முழியோடு நிற்பதற்குச் சட்டங்களைவிட அந்த ஊர்ப்பயத்தின் பங்கு கூடுதல் என்று நான் கருதுகிறேன்.

சட்டத்தின் காவல் எந்த அளவுக்கு நீள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மலையின் சமணச் சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. தொல்லியல் சின்னங்களுக்கான மத்தியச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. கோயில், கோட்டை போன்ற கட்டடங்களுக்கு இந்த அளவு ஓரளவு பொருந்தும். சிற்பம் ஓரிடத்திலும் சுனை வேறிடத்திலும் கற்படுக்கை மூன்றாவது இடத்திலுமாக விரிந்து கிடக்கும் ஒரு குன்றுத் தொடருக்கு இது போதாது. இடைப்பட்ட பாறையும் சரிவும் வருவாய்த் துறைக் கணக்கில் வேறு வகைப்பாட்டில் இருந்தால், சின்னத்தைத் தொடாமலேயே மலையைக் குடைய வழி இருக்கிறது. இத்தொடரின் ஓரங்களில் கல்லுடைத்த பள்ளங்களை நடந்து செல்பவர்கள் இன்றும் காணலாம்.

கல்லுடைப்பினால் வரும் இழப்பு தொல்லியலோடு முடிவதில்லை. மதுரைப் பகுதியில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பாசனம் கண்மாய்களை நம்பியது. வெறும் பாறைக் குன்றின்மேல் விழும் மழை மண்ணில் ஊறாமல் அப்படியே வழிந்து, ஓடைகளாகத் திரண்டு, அடிவாரத்துக் கண்மாயை நிரப்புகிறது. குன்றின் ஒரு தோளை வெட்டினால் நீர்வரத்து திசைமாறும், வெட்டிய பள்ளம் தண்ணீரைத் தானே தேக்கிக்கொள்ளும், கண்மாய் காயும். மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் முறைகேட்டை 2012இல் அன்றைய ஆட்சியர் உ. சகாயம் அறிக்கையாக அரசுக்கு அனுப்பியபோது, கற்களின் விலைமதிப்பே தலைப்புச் செய்தியானது. அங்குள்ள உழவர்கள் முறையிட்டதோ மூடப்பட்ட கால்வாய்களையும் காணாமல்போன கண்மாய்களையும் பற்றி.

நகரமும் மலையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. 2011இல் மதுரை மாநகராட்சியின் பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராக விரிந்தது. தேனிச் சாலையில் மனைப்பிரிவுகள் நாகமலை அடிவாரத்தைத் தொட்டுவிட்டன. ஒருகாலத்தில் துறவியருக்கு வசதியாக இருந்த அந்தத் தொலைவு இன்று மனை விற்பவர்களின் விளம்பரத்தில் சிறப்பம்சமாக இடம்பெறுகிறது. பாறைகளில் வண்ணச் சாயத்தால் பெயர் எழுதுவதும், சுனையில் நெகிழிப் புட்டிகளை வீசுவதும் அந்த நெருக்கத்தின் சில்லறைச் செலவுகள்.

நெருக்கத்தால் நன்மையும் விளைந்திருக்கிறது. 2010ஐ ஒட்டிய காலத்தில் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரமாக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. சுற்றுவட்டார மக்களின் எதிர்ப்பால் அது நின்றது. அந்தச் சூழலில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னெடுத்த பசுமை நடை, மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்குப் பொதுமக்களை மாதந்தோறும் விடிகாலையில் அழைத்துச் செல்லத் தொடங்கியது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் பாறைமேல் நின்று வட்டெழுத்தை வாசித்துக் காட்ட, குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். 2013இல் கீழக்குயில்குடி ஆலமரத்தடியில் விருட்சத் திருவிழாவும் நடந்தது. பாதுகாப்புப் பலகையை வாசித்துவிட்டுப் போகிறவர்களைக் காட்டிலும், குணமதியார் பெயரைக் கல்லில் தாங்களே எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் கல்குவாரிச் செய்தி வந்தால் பதறுவார்கள். மேலூர்ப் பக்கத்துக் குன்றுகள் சூழ்ந்த ஊரான அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதற்கும், அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் கைவிடப்பட்டதற்கும் முதற்காரணம் அவ்வூர் மக்களின் போராட்டம். மதுரையில் அதற்குக் கிடைத்த பரந்த ஆதரவின் பின்னே இத்தகைய நடைகள் வளர்த்த பழக்கமும் இருந்தது.

சமணர் மலைக்கு அரிட்டாபட்டியைப் போன்ற முழுமையான வரையறை தேவைப்படுகிறது. பேச்சிப்பள்ளம், செட்டிப்பொடவு, முத்துப்பட்டி, கொங்கர் புளியங்குளம் ஆகிய நான்கும் ஒரு நாளில் நடந்து காணத்தக்க தொலைவிலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றை இணைக்கும் குறியிட்ட பாதை கிடையாது. வழி தெரிந்த ஒருவர் உடன் வராவிட்டால், பேச்சிப்பள்ளத்திலிருந்து இறங்குகிறவர் மீண்டும் சாலைக்கு வந்து, வண்டியில் சுற்றிக்கொண்டுதான் முத்துப்பட்டியை அடைய வேண்டியிருக்கிறது. நான்கு இடங்களையும், அவற்றுக்கு இடைப்பட்ட பாறைச் சரிவுகளையும், அவற்றிலிருந்து கண்மாய்களுக்கு இறங்கும் ஓடைகளையும் ஒரே வரைபடத்தில் குறித்து ஒரே பாதுகாப்பு எல்லைக்குள் கொண்டுவருவது, தொல்லியல், வருவாய், கனிமவளம் ஆகிய துறைகள் சேர்ந்து உட்கார்ந்தால் முடிக்கக்கூடிய வேலை. ஊராட்சிகளையும் அந்த மேசைக்கு அழைத்தால், எந்த ஓடை எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பதை அளவையர் வருவதற்கு முன்பே அவர்கள் சொல்லிவிடுவார்கள்.